ராமி அத்தையின் அரிசி முடிச்சு

ஜனவரி 6, திங்கள்

வானொலி நிலையத்தை நடத்துகிற கௌசல்யா மேடம் எங்கள் எல்லோருக்கும் டைரி கொடுத்தார். எனக்கு வந்தது பச்சை அட்டை. போன வருஷத்து டைரி மாட்டுப் பொங்கலோடு நின்றுபோய், பிறகு அடுப்பு பற்றவைக்க உதவியது. இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது.

இன்றைய ‘பெரியவர் செய்தி’யில் நான் வாசித்தவை: நீர்முள்ளிப் பதிக்கு மருத்துவ வண்டி புதன்கிழமை வரும். முதியோர் பணம் வந்துவிட்டது. கைரேகை விழாதவர்கள் என்னை வந்து பார்க்கலாம். கண் ஆபரேஷன் செய்துகொண்ட வெள்ளையம்மாளுக்கு யாராவது கொஞ்ச நாள் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாசித்து முடித்து நான் வீடு போய்ச் சேர்வதற்குள் வெள்ளையம்மாள் வீட்டு வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன என்று போன் வந்தது. அதுதான் இந்த வேலையின் ருசி. மலையடிவாரத்தில் எங்கள் குடியிருப்புகளான ஏழு பதிகளுக்கு மட்டும் கேட்கிற சின்ன வானொலிதான். ஆனால் அந்த ஏழு பதியிலும் வயசானவர்கள் மருதி குரல் கேட்ட பிறகுதான் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைப்பார்கள். தற்பெருமை என்கிறார் வீட்டுக்காரர். இருக்கட்டுமே.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து உதவி செய்கிறவர்கள் வருகிறார்கள். பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு வேன் கேட்டிருக்கிறோம். “மருதி, உங்க செய்திக்கு முன்னாடி வர்ற அந்த கீபோர்டு சத்தத்தை மாத்திடலாம். உங்க மக்களோட இசை ஏதாவது போடுங்க” என்றார் மேடம்.

செல்லன் சித்தப்பாவைக் கேட்டேன். எங்கள் பதியில் நோம்பி என்கிற திருவிழாவுக்கும் சாவுக்கும் குழல் ஊதுகிறவர் அவர். “நோம்பிப் பாட்டு ஊதோணும்னா கூட மேளம் வேணும். பசங்க சூளைக்குப் போயிருக்கறானுங்க. பொங்கலுக்கு வருவானுங்க, பொறு புள்ளே” என்றார். எனக்குத் தெரிந்து பொங்கல் பத்தாம் தேதிக்கு முன்னால் வந்ததே இல்லை.

(நாங்கள் பேசுவது இருளர் பேச்சு. அதை அப்படியே எழுதினால் எனக்கே திரும்ப வாசிக்க வராது. அதனால் எங்கள் பக்கத்துத் தமிழாக்கி எழுதுகிறேன்.)

ஜனவரி 8, புதன்

ஊஞ்சமரப் பதிக்குப் போனேன். ஏழு பதியிலும் தள்ளி இருப்பது அதுதான். பள்ளம் என்கிற காட்டோடையைத் தாண்டி யானைத்தடத்தில் போக வேண்டும். கம்பளியும் ரேடியோவுக்கு பேட்டரியும் கொண்டுபோனேன். ராமி அத்தை களத்தில் அவரைக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். மகன் சடையன் கேரளாவில் தோட்டவேலை.

“ஏனம்மிணி, பேட்டரி கொண்டாந்தயா? நான் எங்கே அத தீக்கறேன். உன்ற சேதி முடிஞ்சா அடுத்த நொடி அணைச்சுப்போடுவனே” என்றார்.

அந்த ரேடியோவைப் போன வருஷம் நான்தான் அவர் கையில் கொடுத்தேன். அது வந்ததிலிருந்து தைரியமாக இருக்கிறதாம். காரணமும் சொன்னார். எங்கள் ஏழு பதியிலும் ஒரு சாவு விழுந்தால் செத்தவருடைய குலத்துக்கு உரிய அழைப்பைக் குழலில் ஊதுவார்கள். பிறந்த குலத்துக்காரர்களும் அதில் சம்பந்தம் செய்தவர்களும் அதைக் கேட்டதும் சுடுசோற்றைத் தொடாமல், வாய்க்கரிசியைத் துணியில் முடிந்துகொண்டு கிளம்பிவிட வேண்டும். யாரென்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்னொருவரையும் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். போய் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊஞ்சமரத்துக்குக் குழல் சத்தம் எட்டுவதில்லை. போன ஆடியில் அவருடைய அக்கா நீலி போனபோது, பெயர் சொல்லாமல் குலத்தை மட்டும் நான் வானொலியில் சொன்னதை வைத்துத்தான் வந்து சேர்ந்தார்.

“இனி எங்க குலத்துல நானும் என்ற தம்பி மாரனுந்தான். அவனுக்கு ஒண்ணுன்னா உன்ற பொட்டி சொல்லிப்போடும்” என்றார்.

மாரன் மாமா எங்கள் பதியில் இருக்கிறார். வாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். நாக்கு மட்டும் நன்றாக ஓடும்.

அவரைக்காயும் ஒரு சுரைக்காயும் கொடுத்தனுப்பினார். திரும்பும்போது பள்ளத்தில் பாறை வழுக்கியது. பத்திரமாகத்தான் வந்தேன்.

ஜனவரி 9, வியாழன்

இசை கிடைத்துவிட்டது. பதிவு அறையில் ஜெகன் அதைச் சுத்தம் செய்தார். நடுவில் யாரோ அழுகிற சத்தம் வந்தது, அதை எடுத்துவிட்டார். முன்னால் குழலை இழுத்து ஊதுகிற நீட்டலையும் வெட்டிவிடச் சொன்னேன். “அதுதாங்க்கா சூப்பரா இருக்கு, அதைப் போயி வெட்டச் சொல்றீங்களே” என்றார். மேடமும் வந்து கேட்டுவிட்டு, “உடம்பு சிலிர்க்குது மருதி. இதுதான். எங்க கிடைச்சுது?” என்றார்.

பழைய சேகரிப்பில் இருந்தது என்றேன்.

அந்த நீட்டல் அப்படியே இருக்கட்டும் என்று மேடம் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரந்தானே, செய்திக்கு முன்னால் வந்து போகும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

சென்னையிலிருந்து வந்தவர்கள் குழலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேன் தருகிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இன்று நடந்த நல்லது இது ஒன்றுதான்.

செய்தி முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீர்முள்ளியிலிருந்தும் கருங்கல் பதியிலிருந்தும் ஆட்கள் அரிசி முடிச்சோடு எங்கள் பதியில் வந்து நிற்கிறார்கள் என்றார்கள். பாதிப்பேர் சாப்பாட்டில் கைவைத்தவர்கள் அப்படியே எழுந்து வந்திருக்கிறார்கள். நான் ஓடினேன். மாரன் மாமா குடிசை முன்னால் கூட்டம். உள்ளே மாமா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார். “எல்லாரும் என்னத்துக்கு என்ற மூஞ்சியவே பாக்கறீங்க?” என்று கேட்கிறார்.

சாவுக் குழலை ரேடியோவில் தவறிப்போய்ப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். போட்டுவிட்டார்கள் என்றுதான் சொன்னேன். யாரென்று சொல்லவில்லை. கருங்கல் பதித் தலைவரான மூப்பன் காறித் துப்பினார். வானொலி ஜீப்பில் எல்லோரையும் திருப்பி அனுப்பினோம்.

செல்லன் சித்தப்பா வேலியோரமாக நின்றிருந்தார்.

ஊஞ்சமரத்திலிருந்து யாரும் வரவில்லை. ராமி அத்தை கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தாலும் நான் செய்தி வாசித்ததைக் கேட்டு, சாவு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டிருப்பார்.

ஜனவரி 11, சனி

அவர் செய்தி கேட்கவில்லை. குழலைக் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிட்டார். யாரென்று தெரிந்துகொள்ளக் கூடாதல்லவா.

வீட்டுக்காரர் காட்டிலாகாவில் காவல் பார்க்கிறவர். காலையில் சுற்றுக்குப் போனவர் பள்ளத்தில் பாறைகளுக்கு நடுவில் அவரைப் பார்த்திருக்கிறார். இடுப்பெலும்பு போய்விட்டது. நேற்று இருட்டியதிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறார். குளிரில் உடம்பெல்லாம் விறைத்துக் கிடந்தவர் கையில் அரிசி முடிச்சு மட்டும் நனையாமல் இருந்ததாம். வீட்டுக்காரர் முதுகில் சுமந்து ரோடு வரைக்கும் கொண்டுவந்தார். அங்கிருந்து ஜீப், பிறகு கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரி.

“என்னத்துக்கு இவ்வளவு அவசரமா கிளம்புனாங்களோ” என்றார் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் மேல்காட்டில் இருந்தவர். குழல் விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சட்டையிலிருந்த சேற்றைத் துவைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

சுரைக்காய் அப்படியே இருக்கிறது. அதைச் சமைக்கக் கை வரவில்லை.

ஜனவரி 13, திங்கள்

மேடம் ஒரு காகிதம் கொடுத்தார். “வெள்ளியன்று தொழில்நுட்பக் கோளாறால் ஒலித்த இசைக்கு வருந்துகிறோம்” என்று இருந்தது. வாசித்தேன். அடுத்து ராமி அத்தையின் செய்தி. அதை நானே எழுதினேன்: “ஊஞ்சமரப் பதியைச் சேர்ந்த ராமி அம்மாள், காட்டு வழியில் நடந்து வரும்போது தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆதரவில்லாத அவருக்கு உங்களால் முடிந்த உதவி செய்யுங்கள்.”

ஏன் நடந்து வந்தார் என்று எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை மைக் முன்னால் உட்கார்ந்து நல்ல உச்சரிப்போடு செய்தவள் நான்தான்.

சாயங்காலத்துக்குள் வானொலி வாசலில் கம்பளி, ராகி மாவு, ஹார்லிக்ஸ், ஒரு உயிருள்ள கோழி. ரோட்டில் என்னைப் பார்த்த வெள்ளையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லாட்டி எங்களை யாரு கண்ணு பாப்பா” என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பசங்கள் சூளையிலிருந்து வந்துவிட்டார்கள். பக்கத்தில் மேளம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜனவரி 15, புதன்

ஆஸ்பத்திரியில் அத்தையோடு இருக்க என்னை அனுப்பினார்கள். அந்த வார்டில் எங்கள் பேச்சு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. சடையனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறது, தோட்டத்தில் லீவு கிடைத்ததும் வருவான்.

அத்தை ஒன்றுமே சாப்பிடுவதில்லை. நர்சம்மா சொன்னார், “குளுக்கோஸ்லயே ஓட்டறோம். இப்படியே இருந்தா ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பண்ணலைன்னா படுத்த படுக்கைதான், அப்புறம் சளி கட்டி... நீங்க சொல்லிப் பாருங்க. நாங்க சொன்னா தலைய ஆட்டிட்டு வாய மூடிக்கறாங்க.”

ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். தலையணைக்குக் கீழே முடிச்சு இருந்தது. குழல் கேட்டாகிவிட்டது, வாய்க்கரிசி போடாமல், இல்லை அடக்கம் முடிந்துவிட்டது என்று தெரியாமல் எப்படிச் சாப்பிடுவார்?

அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. என் முகத்தையே பார்த்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யாரும் சாகவில்லை, ரேடியோவில் போட்டது நான்தான் என்று சொன்னால், அடுத்து எதற்காகப் போட்டாய் என்று கேட்பார். பிறகு எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பார்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அத்தே. சாப்புடுங்க” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை.

கஞ்சி குடித்தார். அரை டம்ளர்.

ஜனவரி 18, சனி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மேடம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். “நீங்க பேசினதாலதான் அந்தம்மா சாப்பிட்டாங்களாம், டாக்டரே சொன்னாரு” என்றார்.

15ஆம் தேதி எழுதியதை இன்று வாசித்துப் பார்த்தேன். எனக்கே நான் நல்ல பிள்ளை வேஷம் கட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கஞ்சி குடிப்பதற்கு முன்னால் அவர் அழுதார். சத்தமில்லாமல், வாயில் சேலையை வைத்துக்கொண்டு. “மாரா, மாரா” என்றார். “கடைசியா என்னைய கேட்டானா?” என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். கேட்டார் என்று தலையாட்டினேன்.

உயிரோடு வெற்றிலை மென்றுகொண்டிருக்கிற மனுஷனை அவர் அக்காவின் முன்னால் கொன்று, அடக்கம் செய்து, கடைசி ஆசை வரைக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு இனிப்பு.

ஜனவரி 20, திங்கள்

செல்லன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த ரேடியோவை வாசலில் வைத்தார்.

“நீலிக்கு ஊதுன அன்னிக்கு எனக்கு நெஞ்சுச் சளி. அழைப்பு ஊதி முடிச்சதும் ஒரு எடத்துல இருமுனேன். அந்த இருமலும் உன்ற பொட்டியில வந்துது” என்றார்.

நான் குனிந்து ரேடியோவை எடுத்தேன்.

“அதப் போடறதுக்கு முன்னாடி என்னைய கேட்டிருந்தீன்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அதுனாலதான் நீ கேக்கல.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

உண்மைதான். போன ஆடியில் நீலி அத்தையின் சாவு வீட்டில் என் போனை இடுப்பில் செருகிப் பதிவை ஓடவிட்டிருந்தேன். என்றைக்காவது உதவும் என்று. ராமி அத்தை ஓடிவந்து என் தோளில்தான் விழுந்து அழுதார். அப்போதும் போன் ஓடிக்கொண்டிருந்தது. ஜெகன் எடுத்துவிட்ட அழுகைச் சத்தம் அது. அவருடைய அழுகையை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை அவருக்கே ஒலிபரப்பியிருக்கிறேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “நான் அந்தம்மாவ சுமந்துட்டு வந்தப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? தம்பி, சீக்கிரம் போ, எடுத்துருவாங்கன்னாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 22, புதன்

சடையன் வந்துவிட்டான். எங்கள் பதி வழியாக வந்து மாரன் மாமாவைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் அத்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, மாமன் உன்னைய கேட்டாரு. எப்ப வருவான்னு.”

அத்தை அவனைப் பாவமாகப் பார்த்தார். “எனக்கு ஒடம்பு தேறோணும்னு சொல்லறயா சாமி? வேண்டாம். எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்? இன்னிக்குக் காலையில பாத்துட்டு வர்றேன்.”

“மருதி சொல்லிட்டா. எல்லாம் முடிஞ்சுதாம். பொட்டியில ஊருக்கே சேதி சொல்றவ, அவ பொய் சொல்லுவாளா?”

சடையன் என்னைப் பார்த்தான். சீப்பு என் கையில் இருந்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை, மேலே சீவவும் முடியவில்லை.

வெளியே வராந்தாவில் வைத்து அவனிடம் சொன்னேன். கையை ஓங்கினான். ஆட்கள் பார்த்ததால் இறக்கிக்கொண்டான். “நீங்களே வந்து சொல்லுங்க. இப்பவே” என்றான்.

சொன்னேன். கட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பில் போன் வைத்திருந்தது, பாட்டுக்காக அதைப் போட்டது, அன்றைக்குத் தலையாட்டியது, எல்லாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“நீயும் இவன் கூடச் சேந்துட்டயா? எனக்காகத்தான் இப்படிச் சொல்லறீங்க. போதும் கண்ணு, நான் தேறிட்டேன். மாரனைப் புதைச்ச எடத்துல இந்த அரிசியப் போடோணும். அதுக்கு மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போ.”

நான் சொன்ன பொய்யை நம்பினார். நான் சொன்ன உண்மையை நம்பவில்லை. இதைவிட என்ன அடி வேண்டும் எனக்கு?

ஜனவரி 23, வியாழன்

மாரன் மாமாவின் குரலைப் பதிவு செய்து எடுத்துப்போனேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தேன். விஷயம் தெரிந்ததும் மாமா கட்டில் அதிரச் சிரித்தார். “நான் செத்துட்டனா? என்கிட்ட யாருமே சொல்லலியே! வந்தவங்களுக்குச் சோறாவது போட்டீங்களா?” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “அக்கா, நான் இருக்கறேன். கல்லாட்டம் இருக்கறேன். நீ சாப்புடு” என்று பேசினார்.

அத்தை காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

“எப்பப் பேசுனதை எடுத்து வச்சிருந்தே?” என்றார்.

“நேத்து... இன்னிக்குக் காலையில அத்தே.”

“பொட்டிக்கு இன்னிக்கேது நேத்தேது அம்மிணி. செத்தவளுக்கு ஊதுனதயே திரும்ப ஊத வச்சன்னு நீதான நேத்துச் சொன்னே.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஜனவரி 24, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கோளாறுன்னு சொல்லியாச்சு. விட்டுடலாமே மருதி. வேன் வர்ற நேரம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “இல்ல, சொல்லிடுங்க. எங்கிருந்து எடுத்தீங்கன்னு நானும் அழுத்திக் கேட்டிருக்கணும்” என்றார்.

இன்றைய பெரியவர் செய்திக்கு முன்னால் இசை எதுவும் இல்லை. சொன்னேன்:

“நான் மருதி பேசுகிறேன். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கேட்டது கோளாறு அல்ல. நீலி அம்மாளின் சாவில் ஊதிய குழலை யாருக்கும் தெரியாமல் பதிவு செய்தவள் நான். அதைப் போடச் சொன்னவளும் நான். அதைக் கேட்டுத்தான் ராமி அம்மாள் இருட்டில் கிளம்பி வந்து விழுந்தார். நீங்கள் அவருக்கு அனுப்பிய கம்பளிக்கும் ராகிக்கும் நான் நன்றி வாங்கிக்கொண்டேன். அந்தப் பதிவை அழித்துவிட்டேன். இனி என்னிடம் உங்களுக்கு நம்பிக்கை இருக்காது. ஆனாலும் நாளைக்குக் கருங்கல் பதிக்கு மருத்துவ வண்டி வருகிறது. அது உண்மை.”

போன் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வெள்ளையம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி உள்ளே போனார். கண் ஆபரேஷன் நன்றாகத்தான் ஆகியிருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

வேறு வழியில்லை. மாரன் மாமாவையே கொண்டுபோவதென்று சடையனும் வீட்டுக்காரரும் முடிவு செய்தார்கள். வாதம் வந்ததிலிருந்து குடிசையை விட்டு வெளியே வராத மனுஷன். எங்கள் பதி மூப்பன் யோசித்தார், வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? “ஆனா ஆகட்டும், அரிசி அங்கயே இருக்குதாமே” என்றார் மாமா.

ஜனவரி 27, திங்கள்

வேன் இன்னும் வரவில்லை. வானொலி ஜீப்பில் பின்சீட்டை எடுத்துவிட்டுக் கட்டிலோடு ஏற்றினோம். செல்லன் சித்தப்பா ஒரு பக்கம் பிடித்தார். என்னோடு பேசவில்லை, ஆனால் என் பக்கம் கட்டில் சாய்ந்தபோது அவர் கையை நீட்டித் தாங்கிக்கொண்டார்.

வார்டுக்குள் கட்டிலை விடமாட்டேன் என்றார்கள். நர்சம்மாதான் ஒரு தள்ளுநாற்காலி கொண்டுவந்தார். சடையன் தள்ளினான். நான் பின்னால் நடந்தேன்.

அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தார். மாமா தன் நல்ல கையை நீட்டி அவர் காலைத் தொட்டார். அத்தை கண்ணைத் திறந்தார். பார்த்தார். அவர் கையை எடுத்து, மணிக்கட்டில் இருந்த பழைய தழும்பைத் தடவிப் பார்த்தார். சின்ன வயசில் தேன் எடுக்கப் போய்ச் சுட்டுக்கொண்டதாம். பிறகு அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். பலமாக.

“ஆ! வலிக்குது அக்கா.”

“வலிக்கட்டும்” என்றார் அத்தை. அப்புறந்தான் அழுதார். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழுதார். மாமாவும் அழுதார். சடையன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

கொஞ்சம் ஓய்ந்ததும் மாமா கேட்டார், “எனக்கு வாய்க்கரிசி கொண்டாந்தயாமே, எங்க காட்டு. என்ன அரிசி?”

“ரேசன் அரிசி. உனக்கு அது போதும்.”

சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அத்தையின் கண் அப்போதுதான் என் பக்கம் திரும்பியது. சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

“அப்ப நீ அன்னிக்கு அழுதுட்டே சொன்னது நெசம்.”

“நெசம் அத்தே.”

“நீலிக்கு நான் உன்ற தோள்ல விழுந்து அழுதப்ப...”

“ஆமா அத்தே.”

அத்தை சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையணைக்குக் கீழே கைவிட்டு முடிச்சை எடுத்தார். காலில் விழலாம் என்று குனிந்தேன். “எந்திரி. அதெல்லாம் வேண்டாம்” என்றார்.

“இது குழல் கேட்டு முடிச்சுப் போட்ட அரிசி. இது திரும்ப என்ற ஊட்டுக்குள்ள வரக்கூடாது. ஒலையிலயும் போடக்கூடாது. கோழிக்கும் போடக்கூடாது. ஒரு குழிக்குத்தான் போவோணும். கூப்புட்டவ நீ. நீ வச்சுக்க.”

என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

“எனக்கோ இவனுக்கோ, யாருக்குன்னு தெரியாது. குழல் கேட்டா எடுத்துட்டு வா. நாங்க வர்ற மாதிரி வா.”

பிப்ரவரி 5, புதன்

அத்தையை மாரன் மாமா குடிசைக்கே கூட்டிவந்துவிட்டார்கள். கைத்தாங்கலாக நடக்கிறார். ஊஞ்சமரத்துக்கு இனி நடக்க முடியாது. இரண்டு பேரும் நாள் முழுவதும் சண்டை போடுகிறார்கள், வெற்றிலைக்காக. நான் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். “அங்க வச்சுட்டுப் போ” என்றார் அத்தை. உட்காரச் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

வேன் வந்துவிட்டது. ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ராகி அரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. செய்தி மட்டும் வாசிக்கிறேன். வேறு ஆளைப் பாருங்கள் என்று மேடத்திடம் சொன்னேன். பதிகளில் கேட்டுப் பார்த்தாராம். கருங்கல் மூப்பன், “அவளே வாசிக்கட்டும். இனி பயந்து வாசிப்பா” என்றாராம்.

மார்ச் 3, திங்கள்

அரிசி முடிச்சு எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேறெங்கே வைப்பதென்று தெரியவில்லை. எறும்பு வராமல் பார்த்துக்கொள்கிறேன். சமைக்கும்போது கண்ணில் படும். சாப்பிடும்போது அதற்கு முதுகு காட்டி உட்காருகிறேன்.

மார்ச் 12, புதன்

அத்தை இன்று உட்காரச் சொன்னார். அவரைக்காய் உரிக்கக் கொடுத்தார். உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

விடியற்காலை. அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. பதியின் கீழ்க்கோடியில், மாரன் மாமா குடிசைப் பக்கமிருந்து குழல் கேட்கிறது. முன்னால் அந்த நீட்டல், நீலி அத்தைக்கு ஊதிய அதே அழைப்பு. இருமல் இல்லை.

வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, “யாருக்குன்னு போன் போட்டுக் கேக்கட்டுமா?” என்றார்.

வேண்டாம் என்றேன். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டேன். முடிச்சு என் கையில் இருக்கிறது. கிளம்புகிறேன்.